அலுமினிய அச்சில் ஈயக்குண்டு சுருக்கம் விழுந்ததைச் சரிசெய்தது

தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கப் புது அலுமினிய அச்சு வாங்கினேன். குண்டுகள் எல்லாம் தோல் சுருங்கிய மாதிரியே வந்தன. ஈயத்தின் சூட்டைக் கூட்டியும் மாற்றமில்லை. காரணம், அச்சைக் கடைந்தபோது தங்கிய எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலமே ஈயத்தைச் சுவரில் ஒட்டிப் பரவ விடாமல் தள்ளுகிறது.

பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பல் துலக்கும் பிரஷ். குழிகளையும், காற்று வெளியேறும் மெல்லிய கீறல்களையும் நன்றாகத் தேய்த்தேன். கீறல் அடைத்தால் காற்று உள்ளேயே சிக்கி, குண்டின் ஓரம் மழுங்கிவிடும். பிறகு சூடுகாட்டி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தினேன். இதில் அவசரம் கூடவே கூடாது: ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்கு அடியில் சிக்கினால் ஆவியாகி வெடித்து, ஈயத்தை முகத்தில் அடிக்கும்.

வார்க்கும் முன் அச்சையும் சூடாக்குகிறேன். குளிர்ந்த அச்சிலும் இதே சுருக்கம் வரும்.

அலுமினியம் மென்மையானது. ஓரத்தில் ஒட்டிய ஈயத்தைக் கத்தியாலோ இரும்புக் கம்பி பிரஷாலோ சுரண்டினால், அந்தக் கீறல் இனி வரும் ஒவ்வொரு குண்டிலும் பதியும். அச்சைச் சூடாக்கி மூங்கில் குச்சியால் தள்ளினாலே போதும், ஈயம் விட்டுவிடும். அச்சின் கீலுக்கு எண்ணெய் விட்டால் மிகச் சிறிதளவே. சூட்டில் அது குழிக்குள் ஊர்ந்து வரும்.

ஈயம் நஞ்சு. திறந்த வெளியில் வைத்து வார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். ஈயம் உருக்கிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.