மராத்தி நாள்காட்டியில் விரத நாள் பார்ப்பது எப்படி?

புனேக்கு வந்த புதிதில், 2025 ஜூலையில், கைப்பேசிச் செயலி ஒன்று 11ஆம் தேதியே சிராவண மாதம் பிறந்துவிட்டதாகக் காட்டியது. நம்பி அசைவத்தை நிறுத்தினேன். 14ஆம் தேதி, முதல் திங்கள் என்று உபவாசமும் இருந்தேன். அடுத்த ஞாயிறு எதிர்வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி) ஒரு கிண்ணம் மட்டன் ரஸ்ஸா கொடுத்தனுப்பினார். "சிராவணம் ஆயிற்றே காகூ" என்றேன். "இன்னும் கட்டாரியே முடியவில்லையே!" என்று சிரித்தார்.

கட்டாரி என்பது ஆஷாட அமாவாசைக்கு ஊர் வைத்த கேலிப் பெயர். சிராவணம் முழுக்க அசைவம் கிடையாது என்பதால், அதற்குள் ஒரு பிடி பிடித்துவிடுவார்கள். முறையான பெயர் தீப அமாவாசை. அந்த ஆண்டு அது ஜூலை 24, நம் ஆடி அமாவாசையும் அன்றுதான்.

சரி, வழிக்கு வருவோம்.

1. காகித நாள்காட்டி வாங்குங்கள். 1973 முதல் வரும் காலநிர்ணய் போதும். செயலியை விட இதையே நம்புகிறேன். ஆணியில் தொங்கினால் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். நுணுக்கம் வேண்டுமென்றால் சோலாப்பூர் தாதே பஞ்சாங்கம். வளர்பிறை 'சுத்த', தேய்பிறை 'வத்ய'. சிலவற்றில் சுக்ல, கிருஷ்ண என்றிருக்கும்.

2. மாதம் எங்கே முடிகிறது? நான் சறுக்கியது இங்கேதான். மகாராஷ்டிரத்தில் அமாவாசையோடு மாதம் முடியும். இது அமாந்த முறை. கன்னடர், தெலுங்கர், குஜராத்திகளுக்கும் இதேதான். வட இந்தியாவில் பௌர்ணமியோடு முடிந்துவிடும். ஆகவே வளர்பிறையில் இருவருக்கும் ஒரே மாதப் பெயர், தேய்பிறையில் மட்டும் அவர்கள் ஒரு மாதம் முன்னால் ஓடுவார்கள்.

பண்டிகைத் தேதி பெரும்பாலும் இதனால் மாறாது. கிருஷ்ண ஜெயந்தி இங்கே சிராவண வத்ய அஷ்டமி, அங்கே பாத்ரபத கிருஷ்ண அஷ்டமி. நாள் ஒன்றுதான். விநாயக சதுர்த்தி வளர்பிறையில் வருவதால் பெயர்கூட மாறாது. மாதம் முழுக்க நீளும் விரதம்தான் மாட்டிவிடும். 2025இல் இங்கே சிராவணம் ஜூலை 25 முதல். திங்கட்கிழமைகள் ஜூலை 28, ஆகஸ்ட் 4, 11, 18. என் செயலி ஜூலை 14, 21ஐயும் சேர்த்து, கடைசி இரண்டை விட்டுவிட்டது. செயலிதான் வேண்டுமென்றால், அமைப்புகளில் 'அமாந்த' என்று மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள்.

3. கட்டத்தில் உள்ள திதி சூரிய உதயத்துக்கானது. சங்கஷ்டிக்கு (நம் சங்கடஹர சதுர்த்தி) சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி இருக்கவேண்டும். அதனால் திருதியை என்று போட்ட கட்டத்திலேயே சங்கஷ்டியும் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். சந்திரோதய நேரம் எந்த ஊருக்கானது என்றும் பாருங்கள். மும்பையை விட நாக்பூரில் ஏறக்குறைய 25 நிமிடம் முன்னதாகவே உதித்துவிடும். சங்கஷ்டி செவ்வாயில் வந்தால் அங்காரகி, அன்று கோயில் வரிசை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏகாதசியிலும் சில மாதம் ஸ்மார்த்த, பாகவத என்று அடுத்தடுத்து இரண்டு நாள் இருக்கும். பண்டரிபுரம் போகும் வார்கரிகள் பின்னதைக் கொள்வார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது.

4. உபவாசம் என்றால் பட்டினி இல்லை. ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் ஓடும். அரிசி, கோதுமை, பருப்பு, வெங்காயம் கூடாது. சங்கஷ்டியை அன்றிரவே சந்திரனைப் பார்த்துவிட்டு முடிக்கலாம். ஏகாதசிக்கு மறுநாள் வரை பொறுக்கவேண்டும். கிச்சடிக்குப் பெரிய ஜவ்வரிசிதான் நல்லது. பாயச ஜவ்வரிசி களியாகிவிடும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: 2026இல் இரண்டு ஜ்யேஷ்டம் காட்டுகிறதே, வடபூர்ணிமை (ஆலமர பூஜை செய்யும் ஜ்யேஷ்டப் பௌர்ணமி) எப்போது என்று ஒருவர் கேட்டிருந்தார். மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம், அதாவது கூடுதலாகச் சேரும் மாதம். வழக்கமான பண்டிகைகளை அதில் வைக்கமாட்டார்கள், அடுத்து வரும் நிஜ ஜ்யேஷ்டத்தில்தான். ஆகவே மே 31 பௌர்ணமியை விட்டுவிடுங்கள். ஆலமரத்துக்கு நூல் சுற்றுவது ஜூன் 29.