பரோலோவைக் காற்றாட விடும்போது செய்யும் தவறுகள்

இத்தாலியின் வடமேற்கே லாங்கே குன்றுகளில், நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின் பரோலோ. அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இத்தனை நாள் காத்திருந்து வந்த ஒயினை, திறந்த ஐந்தாவது நிமிடத்தில் "ஒரே துவர்ப்பு" என்று தள்ளி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு அந்த அவசரம்தான். இளம் பரோலோ முதல் வாயில் பச்சைப் பாக்கு மென்றதுபோல ஈறைக் கவ்வும். மூக்கருகே கொண்டு போனாலும் பெரிதாக ஒன்றும் வராது. நிறம் வேறு வெளிறியிருக்கும், அதனால் சாதுவான ஒயின் என்று நம்பி ஏமாறுவோம். அரை மணி காற்றுப் பட விட்டு, அதே கிளாஸை எடுத்துப் பாருங்கள். காய்ந்த ரோஜா இதழ் வாசனை மெல்ல எழும். அப்புறம் செர்ரி, அதற்கும் பின்னால் புதிதாகத் தார் போட்ட சாலையின் வாசனை. ரோஜாவும் தாரும் சேர்ந்து வருவது நெபியோலோவின் முத்திரை.

அடுத்தது, கார்க்கை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டுக் காற்றாடுகிறது என்று நினைப்பது. பாட்டில் கழுத்துக்குள் காற்று படும் இடம் ஒரு ரூபாய் நாணய அகலம்தான். இதை நீங்களே சோதிக்கலாம். திறந்ததும் ஒரு கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, திறந்தே இருந்த பாட்டிலிலிருந்து இன்னொரு கிளாஸில் ஊற்றி இரண்டையும் மாற்றி மாற்றி முகருங்கள். கிளாஸில் இருந்தது எவ்வளவோ தூரம் போயிருக்கும், பாட்டிலில் இருந்தது கிட்டத்தட்ட கிளம்பிய இடத்திலேயே நிற்கும். கிளாஸை விளிம்புவரை நிரப்பினாலும் இந்தப் பலன் கிடைக்காது. சுழற்ற இடம் வேண்டும்.

சரி, மாறியதெல்லாம் காற்றால்தானா? இங்கேதான் பழகிய நாக்கும் தடுமாறும். 17 டிகிரியில் ஊற்றிய ஒயின் சூடான அறையில் ஒரு மணி நேரம் இருந்தால், ஆல்கஹால் தூக்கலாகி மூக்கில் ஏறும். அது வெப்பத்தின் வேலை. நடுவில் ஒரு துண்டு சீஸ் தின்றிருந்தால் துவர்ப்பு அடங்கினதுபோல இருக்கும். ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறள்கிறது, சீஸ் அதை மட்டுப்படுத்திவிடுகிறது. காற்று என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஒயினைக் குளிர்ச்சியாக வைத்து, சாப்பிடும் முன் ருசியுங்கள். ஒவ்வொரு முறையும் மணியைப் போட்டு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

கெட்ட வாசனை எல்லாமே காற்றில் போய்விடும் என்று காத்திருப்பதும் வீண். உரசிய தீக்குச்சி, அவித்த முட்டை மாதிரி வந்தால் அது கந்தகச் சேர்மங்கள். சுழற்றினால் பெரும்பாலும் கலைந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த கேடு. நேரமாக ஆக இன்னும் தெளிவாகத் தெரியுமே தவிர குறையாது. அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பாட்டிலுக்கு மட்டும் நான் சொன்ன பொறுமையை அப்படியே பொருத்தாதீர்கள். முப்பது வருட பரோலோவை டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூன்று மணி நேரம் விட்டால், மிச்சமிருக்கும் மெல்லிய வாசனையும் போய்விடலாம். பிரான்ஸின் போர்தோவைச் சேர்ந்த ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, அடியில் வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில் டிகாண்டரில் ஊற்றினால் போதும் என்றார். இளம் ஒயினில் நான் அவ்வளவு கண்டிப்பு இல்லை, பழையதில் அவர் சொல்வதைத்தான் செய்கிறேன். எல்லோரும் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு, வண்டல் கலங்காமல் நிதானமாக ஊற்றி, முதல் கிளாஸை உடனே முகர்ந்துவிடுவேன்.