முதல் முறை வீட்டில் பியர்: 5 லிட்டர் பேல் ஏல், பானையிலிருந்து பாட்டில் வரை

வீட்டிலேயே பியர் தயாரிக்க வேண்டும் என்று ஆசை வந்தவுடன் பலரும் பானை, குழாய், மீட்டர் என்று சாமான் வாங்க ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாக்கையும் மூக்கையும் பழக்குங்கள். எந்த வாசனை எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று தெரியாதவர் பானையில் என்ன மாற்றினாலும் குருட்டாம்போக்குதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் பியர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1963 வரை இதற்கு உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வழி திறந்தது 1978-ல் கையெழுத்தான சட்டத்தால்தான். உரிமம் இல்லாமல் செய்வது குற்றமாக இருக்கும் இடங்கள் இன்றும் உண்டு. அனுமதிக்கும் இடங்களிலும் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், விற்கக் கூடாது.

நான்கு பாட்டிலில் ஒரு பாடம்

பியரில் இருப்பது தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்ற நான்கே பொருள்கள். மால்ட் என்பது பார்லியை முளைகட்டி உலர்த்தியது; இனிப்பும் நிறமும் அதிலிருந்து வருகின்றன. ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசனையும் தருவது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கும். 1516-ல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற பியர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும்தான் சொல்கிறது. எல்லா வேலையையும் செய்கிற ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை, அப்போது யாருக்கும் அது என்னவென்று தெரியாது.

இந்த நான்கையும் தனித்தனியாக ருசித்துப் புரிந்துகொள்ள நான்கு வகை பியர் போதும். பில்ஸ்னர், ஜெர்மன் கோதுமை பியரான ஹெஃபவைட்சன், பேல் ஏல், ஸ்டவுட். இந்த வரிசையிலேயே குடியுங்கள். ஸ்டவுட்டை முதலில் குடித்தால் பில்ஸ்னர் வெறும் தண்ணீராகத் தெரியும்.

1842-ல் பில்சன் நகரில் பிறந்த பில்ஸ்னரில் உப்புகள் குறைந்த மென்மையான தண்ணீரும் வெளிர் மால்ட்டும் எப்படித் துல்லியமாகத் தெரிகின்றன என்று பாருங்கள். ஹெஃபவைட்சனை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் பழமும் போடவில்லை, மசாலாவும் போடவில்லை. அத்தனையும் ஈஸ்ட் வேலை. பேல் ஏலில் ஆரஞ்சுத் தோல், பைன் மர வாசனை வந்தால் அது ஹாப்ஸ். ஸ்டவுட்டில் வரும் காப்பி வாசனை வறுத்த பார்லியுடையது.

பாட்டிலோடு குடிக்காதீர்கள், கிளாஸில் ஊற்றுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி மீதியை ஊற்றினால் இரண்டு விரல் அளவுக்கு நுரை நிற்கும். வாசனையை மேலே கொண்டுவருவது அந்த நுரைதான். குளிர்ச்சி அதிகமானால் நாக்கு மரத்து ருசி தெரியாது. பில்ஸ்னருக்கு 5 டிகிரி செல்சியஸ் பக்கம் சரி, ஏல், ஸ்டவுட் வகைகளுக்கு 10 டிகிரி பக்கம் நல்லது. முதலில் முகருங்கள், அப்புறம் ஒரு வாய் எடுத்துச் சற்று வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கிய பின் நிற்கிற கசப்பையும் கவனியுங்கள். தோன்றுவதை நோட்டில் எழுதுங்கள், இந்த நோட்டுதான் பின்னால் உங்கள் பியரைத் திருத்தப் போகிறது. நான்கையும் ஒரே மாலையில் முழுசாகக் குடிக்க வேண்டியதில்லை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்தாலே போதும்.

ஏன் பேல் ஏல், ஏன் 5 லிட்டர்

கலிபோர்னியாவின் சிகோ நகரில் சியரா நெவாடா நிறுவனம் 1980-ல் பியர் தயாரிக்கத் தொடங்கியது. காஸ்கேட் என்ற ஹாப்ஸ் மணக்கும் அவர்களுடைய பேல் ஏல்தான் அமெரிக்க கிராஃப்ட் பியருக்கே, அதாவது சிறு ஆலைகளின் பியருக்கே, ஒரு முகம் கொடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் கிராஸ்மன், அதற்கு முன் வீட்டில் பியர் தயாரிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தவர். அந்தப் பேல் ஏல் வகையைத்தான் நாமும் செய்யப் போகிறோம். பில்ஸ்னர் போலக் குளிரில் நொதிக்கும் லாகர் வகை என்றால் 10 டிகிரி பக்கம் வாரக்கணக்கில் குளிர வைக்க வேண்டும்; ஏல் வகை நொதிக்க 18 முதல் 20 டிகிரி போதும். சின்னத் தவறுகளை ஹாப்ஸ் வாசனை மூடியும் விடும்.

பெரும்பாலான செய்முறைகள் 20 லிட்டர் கணக்கில் இருக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பேன். 5 லிட்டர் என்றால் சமையலறை அடுப்பே போதும், கொதித்த பானையை ஒருவரே தூக்கலாம், கெட்டுப் போனாலும் வருத்தம் சின்னது.

தேவையான சாமான்கள்: 10 லிட்டர் எவர்சில்வர் பானை, ஏர்லாக் பொருத்திய மூடியோடு 8 லிட்டர் கொள்ளும் உணவுத் தர வாளி அல்லது ஜாடி, தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (கரைசல் தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் மிதவை), கிராம் காட்டும் தராசு, பியரை மாற்ற ஒரு சைஃபன் குழாய், கழுவத் தேவையில்லாத கிருமிநாசினி, கனமான பழுப்பு நிற பியர் பாட்டில்கள், மூடிகள், மூடி அழுத்தும் கருவி. ஏர்லாக் என்பது உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்.

பொருள்கள்:

உலர்ந்த லைட் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (வெளிர் மால்ட்டின் சாறு, பொடியாக) – 625 கிராம்
காஸ்கேட் ஹாப்ஸ் பெல்லட் – 8 கிராம், 5 கிராம், 8 கிராம் என மூன்று பங்கு
அமெரிக்கன் ஏல் உலர் ஈஸ்ட் – 11 கிராம் பாக்கெட்டில் பாதி
தண்ணீர் – சுமார் 7 லிட்டர்
பாட்டிலில் சேர்க்க வெள்ளைச் சர்க்கரை – லிட்டருக்கு 6 கிராம்

மால்ட்டை நாமே அரைத்து, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரித்தெடுக்கலாம்தான். எக்ஸ்ட்ராக்ட் வாங்கினால் அந்த வேலையை ஆலையிலேயே முடித்துக் கொடுத்திருப்பார்கள். முதல் தடவை அதுவே நல்லது.

படி 1: காய்ச்சுதல்

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் வேறு தண்ணீர் எடுங்கள். குளோரின் தங்கினால் பியரில் மருந்து வாடை வந்துவிடும், அதைப் பிறகு எடுக்கவே முடியாது.

தண்ணீரைச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் அடுப்பை அணைத்து மால்ட் பொடியைக் கொட்டிக் கலக்குங்கள். எரியும் அடுப்பில் கொட்டினால் அடியில் ஒட்டிக் கருகும். நீராவியில் பொடி கட்டி கட்டியாகும், கவலைப்படாமல் கலக்கினால் கரைந்துவிடும். இந்த இனிப்புக் கரைசலுக்கு வோர்ட் என்று பெயர். மறுபடி அடுப்பை ஏற்றுங்கள். கொதி வரும் நேரத்தில் பால் பொங்குவதுபோல் ஒரே நொடியில் பொங்கி வழியும். அந்தச் சில நிமிடங்களுக்கு அடுப்பை விட்டு நகராதீர்கள், ஃபோனையும் தொடாதீர்கள்.

பொங்கல் அடங்கியதும் முதல் 8 கிராம் ஹாப்ஸைப் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகும். ஆனால் அதே கொதியில் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிவிடும். அதனால்தான் மூன்று பங்கு: முதலில் போடுவது கசப்புக்கு, முடிய 10 நிமிடம் இருக்கும்போது போடும் 5 கிராம் ருசிக்கு, அடுப்பை அணைத்ததும் போடும் 8 கிராம் வாசனைக்கு. இந்த அளவுக்குக் கசப்பு சுமார் 25 ஐ.பி.யூ. (பியரின் கசப்பை அளக்கும் அலகு) வரும், மிதமானதுதான். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் சக்கையை அது தொடாத இடத்தில் கொட்டுங்கள், நாய்களுக்கு அது விஷம்.

படி 2: ஆறவைத்தல், ஈஸ்ட் போடுதல்

கொதி நின்ற நொடியிலிருந்து சுத்தம்தான் எல்லாம். இனிமேல் வோர்ட்டைத் தொடும் வாளி, மூடி, கரண்டி, குழாய், கத்தரிக்கோல் எதுவானாலும் முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனைத்திருக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலை. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை.

பானையை மூடி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வாளியில் ஊற்றும்போது உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஊற்றலாம். பெருகத் தொடங்கும் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். 5 லிட்டருக்குக் குறைந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் சேருங்கள்.

கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். 1.046 பக்கம் காட்டும். குறித்து வையுங்கள். அதைத் திரும்ப ஊற்றாமல் குடித்துப் பாருங்கள்: தித்திப்பும் கசப்புமாக ஒரு மாதிரி இருக்கும். ஈஸ்ட்டை மேலே தூவி, மூடி, ஏர்லாக்கைப் பொருத்திவிடுங்கள்.

படி 3: விட்டுவிடுதல்

பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஏர்லாக் குமிழ்விடும், மேலே பழுப்பு நுரை திரளும். பார்க்க அசிங்கமாக இருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆசைப்பட்டு அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள்.

இங்கே வெப்பநிலைதான் பெரிய விஷயம். நொதித்தல் தானே சூடு உண்டாக்கும், அறையைவிட வோர்ட் சில டிகிரி அதிகமாகவே இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் 20 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதற்கு மேல் போனால் காரமான சாராய நெடியும் தேவையில்லாத பழ வாடையும் சேரும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை அதில் மாற்றி மாற்றிப் போடுவது எளிய வழி. அறை எப்போதும் 30 டிகிரிக்கு மேல்தான் என்றால் ஈஸ்ட்டையே மாற்றுங்கள். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரியிலும் சுத்தமாக, வேகமாக வேலை செய்யும். சூடான அறைக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

"இதில் மெத்தனால் வந்துவிடாதா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். மெத்தனால் முக்கியமாகப் பழங்களின் பெக்டினிலிருந்து வருவது. மால்ட் பியரில் அது மிகச் சொற்பம். ஆபத்து கள்ளத்தனமாகக் காய்ச்சி வடிப்பதிலும் கலப்படத்திலும் இருக்கிறது. இந்தப் பியரைக் காய்ச்சி வடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஹைட்ரோமீட்டர். 1.010-க்கும் 1.013-க்கும் நடுவில் வரும். மூன்று நாள் விட்டு மீண்டும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான் நொதித்தல் முடிந்தது; குமிழ் நின்றதை மட்டும் நம்பக் கூடாது. ஆல்கஹால் அளவைக் கணக்கிட, முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.046, 1.011 என்றால் சுமார் 4.6 சதவீதம்.

படி 4: பாட்டிலில் அடைத்தல்

மிகவும் கவனம் வேண்டிய, ஆபத்தான கட்டம் இது. பாட்டிலுக்குள் மீதமிருக்கும் ஈஸ்ட் நாம் சேர்க்கும் சர்க்கரையைத் தின்று வாயு உண்டாக்கும். சர்க்கரை கூடினாலோ, நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில் கண்ணில் படலாம். அதனால் கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். நாலரை லிட்டர் பியர் தேறினால் 27 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு பாத்திரத்தின் அடியில் ஊற்றி, பியரை அதன் மேல் சைஃபன் குழாயால் சளசளப்பில்லாமல் இறக்குங்கள். வாளி அடியில் படிந்த வண்டலைக் கிளற வேண்டாம். முதலில் காற்றை விரும்பிய பியர் இப்போது காற்றுப் பட்டால் நனைந்த அட்டை வாடை அடிக்கும்.

கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நிரப்பி மூடுங்கள். ஒன்றை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள். அதை அழுத்திப் பார்த்தாலே மற்றவற்றில் வாயு ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இருட்டில், 20 டிகிரிக்குக் குறையாத இடத்தில், மூடியுள்ள பெட்டிக்குள் இரண்டு வாரம் வையுங்கள். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் கேட்டதும் அதற்குத்தான்.

குடிக்கும்போது

ஒரு நாள் குளிர வைத்தபின் திறந்து, அடி வண்டல் வராமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். வண்டல் ஈஸ்ட்தான், கெடுதல் இல்லை, கலங்கலாக இருக்கும் அவ்வளவே. இப்போது பழைய நோட்டை எடுத்துக் கடையில் வாங்கிய பேல் ஏல் பற்றி எழுதியதோடு ஒப்பிடுங்கள். வெண்ணெய் வாசனையோ பச்சை ஆப்பிள் வாசனையோ வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அடைத்துவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த தடவை வாளியில் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். எதிர்பாராத புளிப்பு என்றால் கிருமி புகுந்திருக்கிறது, குழாயையும் மூடியையும் சந்தேகப்படுங்கள். வாசனை போதவில்லை என்றால் கடைசிப் பங்கு ஹாப்ஸை இரட்டிப்பாக்கலாம்.

அடுத்த தடவை எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எதனால் என்ன வந்தது என்று தெரியாது. என் சிபாரிசு: மால்ட் பொடி போடுவதற்கு முன், அரைத்த கிரிஸ்டல் மால்ட் (உள்ளே சர்க்கரை கேரமலாகும்படி வறுத்த மால்ட்) 100 கிராமைத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். நிறம் செம்பாகும், ருசியில் லேசான கேரமல் சேரும்.