சர்ஜரி பிஜி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான (பிஜி) நீட் தேர்வு ரேங்க் வந்ததும், கேரள எல்லையோரத்துக் குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, திருவனந்தபுரமா திருநெல்வேலியா என்பதுதான். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே சர்ஜரியில் மூன்றாம் வருடம் படிக்கும் பிஜி மாணவரைப் பிடித்துக் கேளுங்கள்: அப்பெண்டிக்ஸ், ஹெர்னியா எல்லாம் யார் கையால் நடக்கிறது? ராத்திரி எமர்ஜென்சிக்கு சீனியர் வந்து கூட நிற்பாரா? பேராசிரியரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும், பயன் இருக்காது.

சேர்ந்த பிறகு செய்யும் பெரிய தவறு, கத்தி பிடித்த நேரத்தை மட்டுமே பயிற்சி என்று எண்ணுவது. டிரஸ்ஸிங், டிஸ்சார்ஜ் எழுதுவது என்று வார்டு வேலை எல்லாம் வேண்டாத சுமையாகத் தெரியும்; ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்து, காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரையாவது பிடித்தால் போதும் என்று மனம் துடிக்கும். ஆனால் குடலை வெட்டி இணைத்த நோயாளிக்குத் தையல் கசிந்தால், அது பெரும்பாலும் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில், வார்டில்தான் தெரியவரும். வயிறு இறுகும் முன்பே, சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல், நாடித்துடிப்பு ஏறத் தொடங்கிவிடும். காலையில் 80 இருந்த பல்ஸ் மாலையில் 115 ஆகி, அதற்குக் காரணம் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டிலை விட்டு நகரக்கூடாது. மறுபடி திறப்பதா, பொறுப்பதா என்ற கணிப்பு அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் வரும். தையல் போடுவதை யாரும் பழகிவிடலாம்.

அந்த 115-ஐப் பார்த்த பிறகும் விடியட்டும் என்று இருப்பது இன்னும் மோசம். சீனியரை உடனே கூப்பிடுங்கள். "இதுக்கா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டே?" என்று திட்டு விழும். விழட்டும். போனில் கதை சொல்லாமல், என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், பல்ஸ், பிபி, சிறுநீர் அளவு, உங்கள் சந்தேகம் என்ன என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு தவறு உண்டு, சம்மதப் படிவத்தில். மலையாளம் சரளமாகப் பேசும் களியக்காவிளை அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமாக இருக்கும். பேச்சைக் கேட்டு மலையாளப் படிவத்தை நீட்டாமல், எதை வாசிப்பீர்கள் என்று கேளுங்கள். மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே வாயாலும் சொல்லிவிடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. சர்ஜரி பிஜியிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தூங்காமல் இருப்பதில் வீரம் ஒன்றும் இல்லை. டூட்டி முடிந்து பைக்கில் ஊருக்குக் கிளம்பாமல் ரயிலைப் பிடியுங்கள்.

தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) நோயாளிகளை முதல் வருடமே சேர்க்கத் தொடங்குங்கள். மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியை லீவாக நினைக்காதீர்கள். சின்ன ஊர் என்று அலட்சியம் வேண்டாம். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய சர்ஜன் சாமர்வெல் அப்புறம் நம் நெய்யூரில்தான் வருடக்கணக்கில் ஆபரேஷன் செய்தார். வேலூர் சிஎம்சியில் பாடம் எடுக்கப் போனது அதற்குப் பிறகு.

எம்எஸ் (சர்ஜரி பிஜி) முடித்தபின் ஒரு தனிப் பிரிவில் படிக்கும் எம்சிஎச்சுக்கும் அவசரம் வேண்டாம். எம்பிபிஎஸ் ஐந்தரை, எம்எஸ் மூன்று, எம்சிஎச் மூன்று என்று இடைவெளியே இல்லாமல் போனாலும் முப்பது வயதை நெருங்கிவிடும். நடுவில் ஒரு வருடம் தாலுகா மருத்துவமனையில் இருந்து பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். படிப்பு முடித்து அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாக பாண்ட் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த வருடம் எப்படியும் வரத்தான் போகிறது.