மெக்னீசியம் மாத்திரையும் பப்மெட் தேடலும்

இரவில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, மெக்னீசியம் மாத்திரை உதவுமா என்று பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினால் தொடர்பில்லாத கட்டுரைகளே வந்து குவிந்தன. சரியென்று கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாகக் குறியிட உதவும், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெஷ் சொற்பட்டியலைத் திறந்து, அதில் இருந்த 'மசில் கிராம்ப்' (தசைப்பிடிப்பு) என்ற தலைப்பை எடுத்து மெக்னீசியத்தோடு 'அண்ட்' (இரண்டும் உள்ளவை மட்டும்) போட்டு இணைத்து, வடிகட்டியில் 'சிஸ்டமேடிக் ரிவ்யூ' (பல ஆய்வுகளை முறையாகத் திரட்டி மதிப்பிடும் கட்டுரை) மட்டும் வைத்தேன். பட்டியல் சட்டென்று சுருங்கியது. ஆனால் சில கட்டுரைகளுக்கு மெஷ் குறி இருக்காது, அதனால் அதே சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தனியாகத் தேட வேண்டும்.

கிடைத்ததில் உருப்படியானது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வயதானவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள். கர்ப்பிணிகளில் முடிவுகள் முரண்படுகின்றன. சுருக்கத்தோடு நிறுத்தாமல் எத்தனை பேர், யார் பணம் கொடுத்தது என்பதையும் பார்த்தேன். மாத்திரை வாங்கவில்லை, அச்செடுத்த தாளோடு மருத்துவரிடம் போனோம்.