கிரைண்டருக்கு மேலே கச்சேரி

கீழே கடைகள், ஒரு கேன்டீன், நடுவில் நூலகம், மேலே 300 பேர் உட்காரும் அரங்கம். நகரத்துக்குள் ஐந்து கிரவுண்டில் இப்படியொரு கட்டடம் வேண்டுமென்று வருபவர்கள் முதலில் கேட்பது முகப்புப் படத்தை. நான் கொடுப்பதில்லை. முதலில் செக்‌ஷன் போடுங்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போன்ற படம் அது. எதன் தலைமேல் எது உட்கார்கிறது என்று அதில்தான் தெரியும்.

பட்டுத்தான் கற்றேன். முன்பு ஒரு சபாவுக்கு அரங்கத்தின் நேர் கீழே சமையற்கட்டை வைத்துவிட்டேன். திறந்த வாரத்தில் பாடகி மந்திர ஸ்தாயியில் நின்றபோது, தம்பூராவோடு இன்னொரு சுருதியும் சேர்ந்துகொண்டது. மறுநாள் அடைக்கு மாவு அரைக்கும் கிரைண்டர்! சுவரைத் தடிமனாக்கியும் பயனில்லை. அதிர்வு தூண் வழியாக ஏறியது. கிரைண்டருக்குத் தூணைத் தொடாத தனி மேடை கட்டி, அடியில் ரப்பர் போட்ட பிறகே அடங்கியது.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2017-இல் திறந்த எல்ப்ஃபில்ஹார்மனி என்ற இசை அரங்கக் கட்டடத்தில் ஹோட்டல், குடியிருப்பு எல்லாம் உண்டு, வெளியே துறைமுகம். அதனால் பெரிய அரங்கத்தையே 362 சுருள்வில் தொகுப்புகள்மேல் நிறுத்திவிட்டார்கள். நம் பட்ஜெட்டுக்கு அது ஆகாது. ஸ்டோர் ரூம், நடைவழி போன்றவற்றைக் குறுக்கே போட்டுச் சத்தத்தைத் தள்ளிவைப்பதுதான் நம் வழி.

நேரத்தையும் இப்படிப் பங்கிடலாம். பரதநாட்டிய மேடைக்கு அடியில் நூலகம் வரலாமா? மாலை 6 மணிக்கு மூடுகிற நூலகம் என்றால் தாராளமாக. காலையில் ஒத்திகை உண்டென்றால் கூடாது.

அடுத்து அரங்கத்தின் ஒலி. ஆளுக்கு 5 கன மீட்டர் காற்றுவெளி வைத்தால் 1,500 கன மீட்டர். கைதட்டினால் ஒலி அடங்க 1.2 நொடி போதுமென்பது என் கணக்கு. இந்தக் கணக்குக்கான சபைன் சூத்திரத்தின் மாறிலியான 0.161-ஐ 1,500-ஆல் பெருக்கி 1.2-ஆல் வகுத்தால், ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர மீட்டர் வேண்டும். இதில் பெரும்பங்கு மனிதர்களே. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை அரங்கம் முழங்கும். அதனால் மெத்தை இருக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைகளுக்குத் தெருப்பக்கக் கதவும் தனி மின் மீட்டரும், அரங்கத்துக்கு இரண்டு தனிப் படிக்கட்டுகளும் கொடுத்துவிடுங்கள்.

கேன்டீன் கவுன்டரை மட்டும் படி முடியும் இடத்தில் வைக்காதீர்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காபிக்கு எழும், வரிசை படியேறிவிடும். இருபது அடியாவது தள்ளி வையுங்கள்.