மூளை ஸ்கேன் ஆய்வுக்குச் சம்மதிக்கும் முன்

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு உள்ளிட்ட இடங்களில் மனச்சிதைவு நோய் குறித்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. உங்கள் வீட்டில் ஒருவரை இத்தகைய ஆய்வுக்கு அழைத்தால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி அவரையே படிக்கச் செய்யுங்கள். முடிவெடுக்கும் திறன் இருக்கும் வரை கையெழுத்திட வேண்டியவர் அவரே என்பதைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உள்ளதா, இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடருமா என்பவற்றுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இத்தகைய ஆய்வில் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி காந்தப்புலத்தால் இயங்குவதால் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அதில் இல்லை. ஆனால் தாலிச் சங்கிலி, அதில் கோத்த ஊக்கு, மெட்டி, அரைஞாண் என அனைத்தையும் கழற்றியாக வேண்டும், உடலுக்குள் பேஸ்மேக்கரோ உலோகத் தகடோ இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். பிறருக்குக் கேட்காத குரல்கள் இந்நோயால் ஏற்கெனவே கேட்பவரை அக்கருவியின் தடதடப்பு மேலும் அச்சுறுத்தக்கூடும் என்பதால், அந்த ஒலியை முன்னதாகவே போட்டுக் காட்டும்படி கேளுங்கள்.

இந்நோய் உள்ளவர்களின் மூளையில் திரவ அறைகள் சராசரியாகச் சற்றுப் பெரிதாகவும் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி சற்றுச் சிறிதாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருந்தாலும், அது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடுதான். ஒரு படத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது. ஆகவே, ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்பதைவிட, தற்செயலாக வேறு கோளாறு தென்பட்டால் அதை யார், எப்படித் தெரிவிப்பார்கள் என்று கேட்பதே பயன் தரும்.